வாசகர் கேள்வி – பதில்: கட்சி தண்டித்த உறுப்பினர் யாருடைய உறுப்பினர்?

இம்மாதம் தாப்பா, தாப்பா ரோடு, பீடோர் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தன. மக்கள் தேர்ந்தெடுத்த தன் உறுப்பினர் மீதே ஓர் அரசியல் கட்சி கட்டொழுங்கு நடவடிக்கை எடுக்கும்போது என்ன நடக்கிறது, வாக்களித்தவர்களுக்கு அதில் என்ன பங்கு என்பதே அது. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை பகுதி முழுவதையும் இதற்கே தந்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, கட்சி ஒரு நாடாளுமன்ற உறுப்பினரை நீக்கிவிட்டால் அவருடைய பதவியும் போய்விடும் என்று ஒரு தரப்பும், போகாது என்று மறுதரப்பும் எங்கள் தோட்டத்துக் கோயில் கூட்டத்தில் வாதிட்டுக்கொண்டோம். எது சரி?
– தாப்பா வாசகர்

பதில்: போகாது என்றவர்கள் சொன்னதே சரி. 2022-இல் மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பில் 49ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஒரு கட்சியின் வேட்பாளராக நின்று வென்றவர் அக்கட்சியிலிருந்து விலகினாலோ, வேறு வகையில் அதன் உறுப்பினராக இல்லாமற்போனாலோ, அவருடைய மக்களவை இடம் காலியாகும் என்று அது கூறுகிறது. சுயேச்சையாக வென்றவர் ஏதேனும் ஒரு கட்சியில் சேர்ந்தாலும் அதே நிலைதான். ஆனால் அந்தப் பிரிவே சில விலக்குகளையும் தருகிறது. கட்சி கலைக்கப்பட்டாலோ அதன் பதிவு ரத்தானாலோ உறுப்பினரின் இடம் போகாது. சபாநாயகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன் பேரில் கட்சியை விட்டு விலகினாலும் போகாது. கட்சியே அவரை நீக்கினாலும் போகாது.

கடைசியாகச் சொன்ன விலக்குதான் உங்கள் வாதத்துக்கு விடை. நீக்கப்பட்டவரின் இடமும் சேர்ந்து போகும் என்று சட்டம் இருந்திருந்தால், பல்லாயிரம் பேர் வரிசையில் நின்று தந்த பதவியைக் கட்சித் தலைமையகத்தில் ஓர் இரவுக் கூட்டம் பறித்துவிட முடியும். அப்படிப்பட்ட நிலையில் தலைமையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கக்கூட எந்த உறுப்பினருக்கும் துணிவு வராது. சட்டம் அந்தக் கதவை மூடியது சரியே என்பது என் கருத்து.

இடைநீக்கமும் இதே போலத்தான். இடைநீக்கம் செய்யப்பட்டவர் கட்சியின் உறுப்பினராகவே இருக்கிறார். கட்சிக்குள் அவருக்குள்ள உரிமைகள்தாம் நிறுத்தி வைக்கப்படுகின்றன. 2023 ஜனவரியில் அம்னோ கட்சியின் உச்சமன்றம் கைரி ஜமாலுடினையும் நோ ஓமாரையும் நீக்கி, செம்புரோங் நாடாளுமன்ற உறுப்பினர் ஹிஷாமுடின் உசேனை 6 ஆண்டுகளுக்கு இடைநீக்கம் செய்தது. முதல் இருவரும் அப்போது நாடாளுமன்றத்தில் இல்லை. ஹிஷாமுடினோ இரண்டு மாதங்களுக்கு முன்புதான் செம்புரோங்கில் வென்றிருந்தார். கட்சி அவரை ஒதுக்கி வைத்த பிறகும் அத்தொகுதியின் உறுப்பினராக மக்களவையில் தொடர்ந்து அமர்ந்தார்.

கேள்வி: 1988-இல் எங்கள் தாப்பா நாடாளுமன்ற உறுப்பினரையே ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) நீக்கியது. இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை. அதைப் பற்றி எழுதுங்கள், ஐயா.
– தாப்பா ரோடு, ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்

பதில்: எழுத வேண்டிய செய்திதான். எம்.ஜி. பண்டிதன் ம.இ.கா.வின் உதவித் தலைவர்களில் ஒருவர். 1986 பொதுத்தேர்தலில் தாப்பாவில் வென்றவர். கட்சித் தலைவர் ச. சாமிவேலுவுடன் முரண்பட்டதன் முடிவில், 1988-இல் கட்சி அவரை நீக்கியது. நான் மேலே சொன்ன 49ஏ அப்போது இல்லை. கட்சி மாறியவரின் இடத்தைப் பறிக்கும் சட்டமும் இல்லை, நீக்கப்பட்டவரின் இடத்தைக் காக்கும் சட்டமும் இல்லை. ஆகவே அவர் உறுப்பினராகவே நீடித்தார். பிறகு 1990-இல் ஐ.பி.எஃப். என்று நாம் அழைக்கும் அகில மலேசிய இந்தியர் முன்னேற்ற முன்னணியைத் தொடங்கினார். 2008-இல் மறையும் வரை தோட்டப்புறத்துப் பாட்டாளிகளிடையே அவருக்கென்று ஒரு கூட்டம் இருந்தது என்பதை உங்கள் வயதினருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்த நீக்கம் நியாயமானதா என்ற வழக்கை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு இங்கே மீண்டும் நடத்த நான் முற்படவில்லை. இரு தரப்பிலும் உழைத்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். என் மனத்தை உறுத்துவது வேறு. தாப்பா வாக்காளர்கள் 1986-இல் ம.இ.கா.வின் சின்னத்துக்கும் வாக்களித்தார்கள், பண்டிதன் என்ற மனிதருக்கும் வாக்களித்தார்கள். இரண்டும் பிரிந்தபோது, இனி எதை வைத்துக்கொள்கிறீர்கள் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. 1990 பொதுத்தேர்தல் வரும் வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த இடைக்காலத்தில் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தவர்கள் இரண்டு கட்சிக்காரர்களாகப் பிரிந்து, கோயில் நிர்வாகத்திலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும்கூட அந்தப் பிரிவு நுழைந்தது. தலைநகரில் எடுக்கப்படும் கட்டொழுங்கு முடிவு தோட்டத்தில் எப்படி இறங்குகிறது என்பதற்கு இதைவிட அருகிலுள்ள சான்று நமக்கு வேண்டியதில்லை.

இது ஒரு கட்சியின் கதை மட்டுமன்று. 1998 செப்டம்பரில் அம்னோ அன்வார் இப்ராஹிமை நீக்கியபோது அவர் பெர்மாத்தாங் பாவ் உறுப்பினர். அந்த நீக்கத்தால் அவர் இடம் போகவில்லை. 2020 மே மாதம் பெர்சத்து கட்சி, தன்னைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான மகாதீரையும் அவருடன் முக்ரிஸ், சைட் சடிக், மஸ்லி மாலிக், அமிருடின் ஹம்சா ஆகியோரையும் ஒரே மூச்சில் வெளியேற்றியது. ஐவரும் அந்த நாடாளுமன்றம் 2022-இல் கலைக்கப்படும் வரை உறுப்பினர்களாகவே இருந்தார்கள்.

கேள்வி: கட்சித் தாவலைத் தடுக்க ஒரு சட்டம் கொண்டுவர 2022 வரை ஏன் காத்திருந்தார்கள்? பேராக்கில் நாம் எவ்வளவு பட்டிருக்கிறோம்!
– பீடோர் வாசகர்

பதில்: பட்டது உண்மை. சட்டம் தாமதமானதற்கு ஒரு நீதிமன்றத் தீர்ப்பு பெரிய காரணம். 1990 தேர்தலில் கிளந்தானில், அம்னோவிலிருந்து பிரிந்தவர்கள் தொடங்கிய செமாங்காட் 46 கட்சியின் சார்பில் வென்ற இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் அம்னோவில் சேர்ந்தார்கள். கிளந்தான் சட்டமன்றம் மாநில அரசியலமைப்பைத் திருத்தி அவர்கள் இடங்களைக் காலியாக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சங்கம் சேரும் சுதந்திரத்தைத் தரும் கூட்டரசு அரசியலமைப்பின் 10-ஆவது பிரிவுக்கு அந்தத் திருத்தம் முரணானது என்று 1992-இல் தீர்ப்பு வந்தது. நோர்டின் சாலே வழக்கு என்று அதைச் சொல்வார்கள். அதற்குப் பிறகு மாநிலங்கள் தனியாகச் சட்டம் செய்தாலும் அது செல்லுமா என்ற ஐயம் இருந்தது; நாடு முழுவதற்கும் உறுதியான தடை வேண்டுமானால் கூட்டரசு அரசியலமைப்பையே திருத்த வேண்டியிருந்தது. அதற்கு மக்களவையில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

சட்டம் இல்லாத காலத்தில் கட்சிகள் தாமே ஒரு வழி தேடின. வேட்பாளரிடம் தேதியிடாத பதவி விலகல் கடிதத்தில் முன்கூட்டியே கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்வது அந்த வழி. 2009 தொடக்கத்தில் நம் மாநிலத்தில் அந்த வழி எவ்வளவு பலவீனமானது என்பதைக் கண்ணால் பார்த்தோம். பேஹ்ராங், சங்காட் ஜெரிங் சட்டமன்ற உறுப்பினர்களின் அப்படிப்பட்ட கடிதங்களை ஏற்று, அவ்விடங்கள் காலியாகிவிட்டன என்று அப்போதைய சபாநாயகர் வி. சிவகுமார் அறிவித்தார். அவர்களோ தாங்கள் விலகவில்லை என்றார்கள். தேர்தல் ஆணையம் இடைத்தேர்தல் நடத்த மறுத்தது. அவ்விருவரும் ஜெலாப்பாங் உறுப்பினரும் அப்போது மாநிலத்தை ஆண்ட பக்காத்தான் கூட்டணியை விட்டு விலகியதால் மாநில அரசே கவிழ்ந்தது. 2020 மார்ச்சில் பேராக் அரசு மறுபடியும் கைமாறியபோது, ஜனநாயக செயல் கட்சியின் புந்தோங், துரோனோ உறுப்பினர்கள் கட்சியை விட்டு விலகினார்கள்.

2020-இல் கூட்டரசிலும் ஆட்சி கவிழ்ந்த பிறகுதான் எல்லாக் கட்சிகளுக்கும் வலி ஒன்றுபோல் உறைத்தது. 2021 செப்டம்பரில் இஸ்மாயில் சப்ரி அரசும் பக்காத்தான் ஹராப்பானும் செய்துகொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் தாவல் தடைச் சட்டம் ஒரு நிபந்தனையாக இடம்பெற்றது. 2022 ஜூலை 28-இல் மக்களவையில் 209 பேர் ஆதரித்து வாக்களித்தார்கள், எதிர்ப்பு இல்லை. அவ்வாண்டு அக்டோபர் 5 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பதவி விலகிய நாடாளுமன்ற உறுப்பினர் 5 ஆண்டுகளுக்கு மீண்டும் போட்டியிட முடியாது என்ற பழைய விதியையும் அதே திருத்தம் நீக்கியது. ஆகவே மனச்சாட்சிப்படி கட்சி மாற விரும்புகிறவர் இன்று விலகி, இடைத்தேர்தலில் நின்று, தன் வாக்காளர்களிடமே தீர்ப்புக் கேட்கலாம். இந்த ஒரு மாற்றத்தைப் பலர் கவனிக்கவில்லை. என்னைக் கேட்டால், அந்தச் சட்டத்திலேயே வாக்காளருக்கு மிக அதிக மரியாதை தரும் பகுதி இதுதான்.

கேள்வி: பெர்சத்து உறுப்பினர்கள் ஆறு பேர் பிரதமரை ஆதரித்தார்கள். கட்சி கடிதம் அனுப்பியும் அவர்கள் இடம் போகவில்லை. ஆனால் கிளந்தானில் மட்டும் இடைத்தேர்தல் வந்தது. ஒரே குற்றத்துக்கு இரண்டு நீதியா, ஐயா?
– தாப்பா, கல்லூரி மாணவர்

பதில்: நல்ல கேள்வி கேட்டீர்கள், தம்பி. 49ஏ பிரிவின் பலமும் பலவீனமும் இந்த ஒரு விவகாரத்துக்குள் அடங்கியிருக்கின்றன. அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

2023 அக்டோபரில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் கோலகங்சார், லாபுவான், குவா மூசாங், ஜெலி, தஞ்சோங் காராங், புக்கிட் கந்தாங் தொகுதிகளின் பெர்சத்து உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பிரதமர் அன்வாருக்கு ஆதரவு தெரிவித்தார்கள். அவர்களில் எவரும் கட்சியை விட்டு விலகவில்லை. தொகுதி மக்களின் நலனுக்காகவும் மேம்பாட்டுக்காகவும் ஆதரிக்கிறோம் என்றார்கள். இப்போது கட்சியின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர்களை நீக்கினால், சட்டம் தரும் விலக்கினால் அவர்கள் இடம் பத்திரமாகிவிடும். நீக்காமல் விட்டால் கட்சிக்குள் இருந்துகொண்டே எதிர்த்தரப்புக்கு ஆதரவாக நிற்பார்கள். தண்டனை என்று கட்சி எதைக் கொடுத்தாலும் அது அவர்களுக்கு வசதியாகவே முடியும்.

இதிலிருந்து வெளியேற, 2024 மார்ச்சில் பெர்சத்து தன் கட்சி விதிகளைத் திருத்தியது. கட்சித் தலைமையின் கட்டளையை மீறும் மக்கள் பிரதிநிதியின் உறுப்பியம் தானாகவே முடிவுக்கு வரும் என்பது திருத்தத்தின் சாரம். நாங்கள் நீக்கவில்லை, அவர்களாகவே உறுப்பினர் என்ற தகுதியை இழந்தார்கள் என்று சொல்வதற்கு அது வழி செய்தது. அப்படியானால் நீக்கம் என்ற விலக்கு பொருந்தாது. உறுப்பினராக இல்லாமற்போனார் என்ற விதியே பொருந்தும். அந்த அடிப்படையில் சபாநாயகருக்கு அறிவிப்புகள் போயின.

சட்டப்படி, மக்களவை உறுப்பினர் எவரேனும் எழுத்து மூலம் அறிவித்தால், சபாநாயகர் 21 நாளுக்குள் இடம் காலியானதா என்று முடிவு செய்து தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு 60 நாளுக்குள் இடைத்தேர்தல். 2024 ஜூலை 9-இல் மக்களவைச் சபாநாயகர் ஜொகாரி அப்துல், அந்த ஆறு இடங்களும் காலியாகவில்லை என்று அறிவித்தார். சிலாங்கூரில் செலாட் கிள்ளான் சட்டமன்ற உறுப்பினரைப் பற்றியும் அம்மாநிலச் சபாநாயகர் அதே முடிவுக்கு வந்தார். கிளந்தானில் முடிவு வேறாயிற்று. குவா மூசாங் நாடாளுமன்ற உறுப்பினர் முகமது அசிசி அபு நாயிம் நெங்கிரி சட்டமன்ற உறுப்பினரும்கூட. கிளந்தான் சபாநாயகர் நெங்கிரி காலியானதாக 2024 ஜூனில் அறிவித்தார். ஆகஸ்ட் 17-இல் இடைத்தேர்தல் நடந்து தேசிய முன்னணி அங்கே வென்றது.

ஒரே மனிதர், ஒரே கட்சி, ஒரே காரணம். மாநிலத்தில் இடம் போயிற்று, கூட்டரசில் இருந்தது. ஏனென்றால் முடிவு செய்கிறவர் சபாநாயகர். கிளந்தானில் அவர், பெர்சத்து அங்கம் வகித்த பெரிக்காத்தான் கூட்டணி ஆட்சியின் சபாநாயகர். மக்களவையில் ஆளும் தரப்பு தேர்ந்தெடுத்த சபாநாயகர். அவர்கள் இருவரின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட முடிவைத் தேர்தல் நீதிமன்றத்தைப் போன்ற ஒரு நடுநிலை அமைப்பிடம் ஒப்படைத்திருந்தால், இரண்டு நீதியா என்று நீங்கள் கேட்க வேண்டிய நிலையே வந்திருக்காது.

தானாக முடியும் உறுப்பியம் என்ற விதியைப் பற்றி என் எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன். அது தவறான விதி. குற்றம் என்ன என்று சொல்லி, பதில் கேட்டு, விசாரித்து, பிறகு தீர்ப்புச் சொல்வதுதான் கட்டொழுங்கு. விசாரணையே இல்லாமல் ஒருவருடைய உறுப்பியமும் அதன் வழியாக ஒரு தொகுதியின் பிரதிநிதியும் இல்லாமற்போகும் என்றால், சட்டம் கவனமாக மூடிய கதவைக் கட்சி விதி பின்பக்கமாகத் திறந்துவிடுகிறது. அதே வேளையில், ஒரு கூட்டணியின் பெயரால் வாக்குக் கேட்டுவிட்டு, அதன் எதிர்த்தரப்பை ஐந்தாண்டு முழுவதும் ஆதரிப்பதும் வாக்காளருக்குச் செய்யும் நியாயம் ஆகாது. அந்த ஆறு பேரும் விலகி மீண்டும் மக்களிடம் வந்திருக்க வேண்டும். கோலகங்சார் நமக்கு அயல் ஊர். அங்கே செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு வந்து வாக்களித்த தமிழரை இந்த விவகாரத்தில் எந்தத் தரப்பும் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

கேள்வி: தமிழ்நாட்டில் ஒரே நாளில் 18 சட்டமன்ற உறுப்பினர்களின் பதவி போனதே, இங்கேயும் அப்படி நடக்குமா?
– சங்காட் ஜோங் வாசகி

பதில்: நீங்கள் குறிப்பிடுவது 2017 செப்டம்பர் 18-இல் அ.தி.மு.க.வைச் சேர்ந்த 18 பேரைச் சபாநாயகர் ப. தனபால் தகுதி நீக்கம் செய்தது. முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் அவர்கள் கடிதம் கொடுத்திருந்தார்கள். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் மாறுபட்டுத் தீர்ப்பளித்து, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதி நீக்கத்தை உறுதி செய்தார். இந்தியச் சட்டம் 1985-இல் வந்தது, நம்முடையதைவிடக் கடுமையானது. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தாலே அங்கே பதவி போகலாம். கட்சியிலிருந்து நீக்கப்பட்டவரும் தம்மை நிறுத்திய கட்சியின் உறுப்பினராகவே சட்டமன்றத்தில் கருதப்படுவார் என்றும், வேறு கட்சியில் சேர்ந்தால் பதவியை இழப்பார் என்றும் இந்திய உச்ச நீதிமன்றம் 1996-இல் கூறியது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலிருந்து எழுந்த வழக்குதான் அதுவும்.

நம் 49ஏ பிரிவில் கொறடாவைப் பற்றி எதுவும் இல்லை. கட்சியின் முடிவுக்கு மாறாக வாக்களித்ததற்காக மட்டும் இங்கே இடம் போகாது. நீக்கப்பட்ட பிறகு வேறு கட்சியில் சேர்ந்தவரின் இடம் போகும் என்றும் அந்த வாசகம் சொல்லவில்லை.

கேள்வி: காரணம் கோரும் கடிதம் அனுப்பினார்கள் என்று செய்தியில் வருகிறது. அதன் பிறகு என்ன நடக்கும்? அநியாயமாக நீக்கினால் நீதிமன்றம் போகலாமா?
– தாப்பா வாசகர்

பதில்: ஒவ்வொரு கட்சியின் விதியும் சற்று மாறுபடும், அடிப்படை ஒன்றுதான். முறையீடு வந்ததும், குற்றச்சாட்டைக் குறிப்பிட்டு இத்தனை நாளுக்குள் பதில் தரவேண்டும் என்று காரணம் கோரும் கடிதம் போகும். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் கட்டொழுங்குக் குழு அழைத்து விசாரிக்கும். எச்சரிக்கை, பொறுப்பிலிருந்து விலக்கல், இடைநீக்கம், நீக்கம் என்று தண்டனை ஏறும். பிறகு மேல்முறையீடு. கட்சியின் உயர்மட்டக் குழுவே இறுதி முடிவை எடுப்பது வழக்கம்.

நீதிமன்றக் கதவு மிகக் குறுகலானது. 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் 18சி பிரிவு, கட்சியின் உள்விவகாரத்தில் கட்சி எடுக்கும் முடிவே இறுதியானது என்றும் அதை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாது என்றும் கூறுகிறது. 1988-இல் உயர் நீதிமன்றம் அம்னோவையே சட்டவிரோதச் சங்கம் என்று தீர்ப்பளித்த பிறகு, 1990-இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. வெளியே கேட்க இடம் இல்லை என்றால் உள்ளே நடக்கும் விசாரணை இன்னும் நேர்மையாக இருக்கவேண்டும். குற்றம் சாட்டியவரே தீர்ப்புச் சொல்லும் குழுவில் உட்காரக் கூடாது. குற்றச்சாட்டு எந்த விதியின் கீழ் என்பதும், உறுப்பினர் தந்த பதிலும், முடிவுக்கான காரணமும் எழுத்தில் இருந்து, அவை தொகுதி மக்களுக்கும் தெரிவிக்கப்பட வேண்டும். சாதாரணக் கிளை உறுப்பினர் மீதான நடவடிக்கை என்றால் கட்சி அதைத் தன் வீட்டு விஷயம் என்று சொல்லிக்கொள்ளலாம். மக்கள் தேர்ந்தெடுத்தவர் மீதான நடவடிக்கையில் அப்படிச் சொல்லக் கட்சிக்கு உரிமை இல்லை. ‘கட்சியின் நற்பெயருக்குக் களங்கம்’ என்ற ஒற்றை வரியோடு ஓர் அறிக்கை வந்தால், அதை ஏற்காமல் காரணம் கேட்கும் கடிதத்தை நாமும் கட்சிக்கு அனுப்பலாம்.

கேள்வி: மக்களவை ஓர் உறுப்பினரை இடைநீக்கம் செய்வதும் இதுவும் ஒன்றா?
– பீடோர் வாசகி

பதில்: வேறு வேறு. 2009 மார்ச்சில் பூச்சோங் உறுப்பினர் கோபிந்த் சிங் டியோவை மக்களவை ஓராண்டு இடைநீக்கம் செய்தது. கட்சிக்கு அதில் தொடர்பில்லை. மக்களவை இடைநீக்கம் செய்தால் தொகுதியின் குரல் அவைக்குள் ஒலிக்காது. கட்சி இடைநீக்கம் செய்தால் அவையில் அவர் பேசலாம், வாக்களிக்கலாம்.

கேள்வி: நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஓர் உறுப்பினர் கட்சிக் கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டுமா, தொகுதி மக்களின் தேவைக்கா? மாணவர்கள் கேட்டால் என்ன சொல்வது?
– தாப்பா

பதில்: டீச்சர், மாணவர்களிடம் இரண்டு கேள்விகளாகப் பிரித்துச் சொல்லுங்கள். தேர்தல் அறிக்கையில் எழுதி, மேடையில் பேசி, வாக்கு வாங்கிய கொள்கையைப் பிறகு உறுப்பினர் எதிர்த்தால், அவரைக் கேட்கக் கட்சிக்கு முழு உரிமை உண்டு. அந்தக் கட்டொழுங்கு இல்லாமல் எந்தக் கட்சியாலும் தான் சொன்னதைச் செய்ய முடியாது. சொன்னதைச் செய்யவில்லை என்று நாமும் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் தோட்டம் விற்கப்பட்டு, மூன்று தலைமுறையாக லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் வீடின்றி நிற்கும்போது, தன் கட்சியே அரசில் இருந்தாலும் அதை எதிர்த்துப் பேசுவது உறுப்பினரின் கடமை. அதற்காக அவருக்குக் காரணம் கோரும் கடிதம் வந்தால், வெட்கப்பட வேண்டியது கட்சிதான். தோட்டத் தொழிலாளரின் வீடு, தமிழ்ப்பள்ளிக்கு நிலம், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை எய்திய பெரியவர்களின் குடியுரிமை ஆகியவற்றில் எத்தனையோ வாக்குறுதிகள் கட்சிக் கூட்டங்களின் மூடிய கதவுக்குள்ளேயே அடங்கிப்போயின. வெளியே வந்து பேசியிருக்க வேண்டியவர்கள் அன்று பேசவில்லை. அவர்களைத் தடுத்தது கட்டொழுங்கு என்ற பெயரில் இருந்த அச்சம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொகுதி ஒதுக்கீடு ஆளுங்கட்சி உறுப்பினருக்கு ஒரு விதமாகவும் எதிர்க்கட்சி உறுப்பினருக்கு வேறு விதமாகவும் இருக்கும் வரை, ‘மக்களுக்காகத்தான் மாறினேன்’ என்று சொல்ல ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருக்கும். எதிர்க்கட்சிக்கு வாக்களித்த தோட்டத்திலும் சாலையில் பள்ளம் இருக்கிறது. அங்கேயும் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். எந்தக் கட்சி வென்றாலும் ஒவ்வொரு தொகுதிக்கும் மக்கள்தொகையையும் வறுமையையும் பரப்பையும் கணக்கிட்டு ஒதுக்கீடு தர ஒரு சட்டம் வேண்டும். அது வந்தால் தாவலுக்குச் சொல்லப்படும் காரணங்களில் பாதி உதிர்ந்துவிடும். மீதிப் பாதி மனச்சாட்சியா, பதவி ஆசையா என்பது அப்போது எல்லாருக்கும் வெளிப்படையாகத் தெரியும். உறுப்பினரை இடையில் திரும்ப அழைக்கும் உரிமை நம் நாட்டு வாக்காளருக்கு இல்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் மண்டபக் கூரைக்காக நாடாளுமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுக்க இருந்தது. கட்சி அவர் மீது நடவடிக்கை எடுக்கப் போவதாகப் பேச்சு. கொடுக்கலாமா, பொறுத்திருக்கலாமா?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய தாயார்

பதில்: பொறுக்க வேண்டாம், அம்மா. இன்றே கொடுங்கள். அவருடைய இடம் காலி என்று சபாநாயகர் அறிவிக்கும் வரை அவர் உங்கள் உறுப்பினர். அவருடைய ஆதரவுக் கடிதமும் கையொப்பமும் முன்பு போலவே செல்லும். பதவியில் இருக்கும் வரை சம்பளமும் அலவன்சும் அரசு கொடுக்கிறது, கட்சி கொடுப்பதில்லை. சில இடங்களில் சேவை மையம் கட்சிக் கட்டடத்தில் இருக்கும், அங்குள்ள உதவியாளர்களும் கட்சிக்காரர்களாக இருப்பார்கள். நடவடிக்கை வந்தால் அந்த இடம் பூட்டப்படலாம், கோப்புகள் கைமாறலாம். ஆகவே மனுவைக் கட்சியின் பெயருக்கு எழுதாமல், நாடாளுமன்ற உறுப்பினர் என்ற பதவியின் பெயருக்கு எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கிப் பள்ளிக் கோப்பில் வையுங்கள். இன்னொரு பிரதியை மாவட்டக் கல்வி இலாகாவுக்கும், முடிந்தால் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். முன்பே கொடுத்த குடியுரிமை மனுக்கள் அந்தச் சேவை மையத்தில் இருக்குமானால், அசல் பிறப்புப் பத்திரங்களை இந்த வாரமே திரும்பப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.